கடைசித் தீயின் வயது

நீதிமன்ற அழைப்பாணை வந்து சேர்ந்தபோது அங்கயற்கண்ணி நரிப்பாறைக் குகைக்குள் மண்டியிட்டு ஒரு பல்லைத் துலக்கிக்கொண்டிருந்தார். அவருடைய பல் அல்ல. ஏறத்தாழ மூன்று லட்சம் வருடங்களுக்கு முன்னால் அந்தக் குகையில் செத்துப்போன யாரோ ஒருவருடைய கடைவாய்ப் பல். அதற்கு ஒரு முழம் தள்ளிக் கருகிய கற்கள் சில நெருங்கிக் கிடந்தன. அந்த ஆள் நம் இனமா, நமக்கு முந்திய வேறொரு மனித இனமா என்பது இன்னும் தீரவில்லை. ஆனால் தீயை வளர்க்கத் தெரிந்த ஆள் என்று அங்கயற்கண்ணி உலகத்துக்குச் சொல்லியிருந்தார். காட்டுத்தீ பட்டுக் கருகிய கற்களாக இருக்கலாமே என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவர் காட்டிய சாட்சி ஒன்றுதான். அவரே செய்த கனல்மானி; சுற்றுத் தரையில் தீ படவில்லை, அந்த ஓரிடத்தில் மட்டும் பட்டது என்று அது காட்டியது.

டார்ச் லைட் அளவுக் கருவி அது. தரையில் வைத்து அழுத்தினால் அந்த இடத்தில் கடைசியாக எப்போது தீப்பட்டது என்று சொல்லும். முன்பெல்லாம் மண்ணை எடுத்துப் போய் இருட்டறையில் வைத்து மாதக்கணக்கில் அளக்க வேண்டியிருந்ததை அது நின்ற இடத்திலேயே செய்தது. லட்சம் வருடத் தீ என்றால் கொஞ்சம் முன்பின் ஆகும். போன மாதத் தீயை நாள் தப்பாமல் சொல்லும். அந்த இரண்டாவது திறமை அங்கயற்கண்ணிக்கு ஒரு பொருட்டாகவே இருந்ததில்லை. தீ ஒழிப்புத் துறைக்கு அது மட்டும்தான் வேண்டியிருந்தது.

புகைக் கோடைக்குப் பிறகு வந்த துறை அது. அந்த வருடம் மலைகள் பற்றியெரிந்து, சமவெளி நகரங்களெல்லாம் மாதக்கணக்கில் புகைக்குள் கிடந்தன. பிள்ளைகள் முகமூடியோடு தூங்கினார்கள். எழுந்திராமலே போன பிள்ளைகளும் உண்டு. அதன் பிறகு திறந்த தீ எங்கும் கூடாது என்று சட்டம் வந்தபோது எதிர்த்தவர்கள் குறைவு. அடுப்பு, விளக்கு, சிதை எல்லாம் மின்சாரத்துக்கு மாறின. தீப்பெட்டி கடைகளிலிருந்து மறைந்தது. ஒரு தலைமுறைப் பிள்ளைகள் தீயைப் படத்தில் மட்டும் பார்த்து வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

அழைப்பாணையில் விஷயம் சுருக்கமாக இருந்தது. கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடு ஒன்றில் ஜெபமாலை என்ற தொழிலாளி தீ மூட்டியதாக வழக்கு. துறை ஆய்வாளர் எடுத்த அளவை எதிர்த்தரப்பு ஏற்கவில்லை. ஆகவே நீதிபதி முன்னிலையில், அந்த வீட்டிலேயே, கருவியைச் செய்தவர் மறுபடி அளந்து காட்ட வேண்டும்.

அன்று சாயங்காலமே துறை இயக்குநர் வரதராஜுலு போனில் கூப்பிட்டார்.

"ஒரு அழுத்து அழுத்திக் காட்டினா முடிஞ்சுது டாக்டர். இன்னொண்ணு, அந்த வரிசையில மொத்தம் பதினோரு வீடு. எல்லாத்தையும் அளக்கணும்னு மனு போட்டிருக்கோம். ஜட்ஜ் அம்மா ஒத்துக்கிட்டாங்க."

"ஒரு வீட்டு மேலதானே புகார்?"

"தீ எரிஞ்சா பக்கத்து வீட்டுக்காரனுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிஞ்சும் மறைச்சா வரிசையையே காலி பண்ணலாம்னு சட்டத்துல இருக்கு. தோட்டத்துக்காரங்களுக்கும் அந்த இடம் தேவைப்படுது." அவர் குரலில் கெடுதல் எதுவும் தெரியவில்லை. ஒரு வேலை ஒழுங்காக நடக்கிற திருப்திதான் தெரிந்தது. "உங்க கருவி இல்லேன்னா இதெல்லாம் சாத்தியமே இல்ல."

மறுநாள் குகைக்கு ஒரு பெண் மூச்சு வாங்க ஏறி வந்தாள். நிலோஃபர், ஜெபமாலையின் வக்கீல். சேறு அப்பிய செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மேடம், இந்தக் கருவி தப்பாக் காட்ட வாய்ப்பிருக்குன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். வழக்கு நிக்காது."

"அது தப்பாக் காட்டாது."

"கொஞ்சம்கூடவா?"

"தப்பாக் காட்டும்னு சொன்னா, இதோ இந்தக் கல்லுக்கு நான் சொன்ன வயசும் போச்சு. இந்தப் பல்லுக்கும் போச்சு. அதுக்காகச் சொல்லல. நிஜமாவே தப்பாக் காட்டாது நிலோஃபர். நான் பொய் சொல்ல மாட்டேன்."

நிலோஃபர் பல்லை எட்டிப் பார்த்தாள். "ஜெபமாலை அக்காகிட்டயாவது ஒருவாட்டி பேசுங்க மேடம். அவங்களும் உங்கள மாதிரிதான் பேசுறாங்க. என்னால சமாளிக்க முடியல."

நீதிபதி வருவதாக இருந்த நாளுக்கு முந்தைய நாள் காலையில் அங்கயற்கண்ணி நிலோஃபரோடு அந்த லைனுக்குப் போனார்.

தேயிலைச் சரிவின் விளிம்பில் ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள். ஒரு அறை, பின்னால் ஒரு சமையல் தடுப்பு. ஜெபமாலைக்கு நாற்பது வயது இருக்கும். கொழுந்து பறித்துப் பறித்துக் கறை ஏறிய விரல்கள். உட்காரச் சொல்லி முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"டாக்டரம்மா, வக்கீலம்மா சொல்லுற மாதிரியெல்லாம் சொல்லிடாதீங்க. நான் மூட்டுனேன். அந்தத் துறை ஆள் பையிலேருந்து கருவிய எடுக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னது கோர்ட்டுல செல்லாது அக்கா," என்றாள் நிலோஃபர். "மிஷின் சொன்னதுதான் செல்லும். அதைத்தான் உடைக்கப் பாக்குறேன்."

"உடைச்சு? நான் மூட்டவே இல்லேன்னு ஆகணுமா?"

சில மாதங்களுக்கு முன் அடித்த புயலுக்குப் பிறகு அந்தச் சரிவுக்கு நாள்கணக்கில் மின்சாரம் திரும்பவே இல்லை என்று ஜெபமாலை சொன்னாள். கம்பங்கள் சரிந்துவிட்டன, ஆட்கள் வர ரோடு இல்லை. புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது. பக்கத்து வீட்டு ரீட்டாவுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது. உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"நாங்க மாத்தி மாத்தி மார்ல போட்டுப் பாத்தோம். எங்க உடம்புலயே சூடு இல்லீங்க. அப்புறம் தேயிலைச் செடியில கவாத்து வெட்டின குச்சி கிடந்துச்சு. பேட்டரியில ஜிகினாத் தாளை வெச்சுப் பத்தவெச்சேன். எங்கப்பா அப்படிப் பீடி பத்தவெக்கிறதைப் பாத்திருக்கேன்."

ரீட்டா வாசலில் நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. அது அங்கயற்கண்ணியின் கழுத்தில் தொங்கிய கருவியைப் பிடிக்கக் கையை நீட்டியது.

அங்கயற்கண்ணி தரையில் கருவியை வைத்து அழுத்தினார். ஆய்வாளர் எழுதிய தேதியே வந்தது. இனி ஒப்பிட்டுப் பார்க்கத் தீப்படாத ஒரு தரை வேண்டும். அளக்கிற எவரும் செய்கிற வேலை அது. எழுந்து பக்கத்து வீட்டுக்குள் போய், ரீட்டாவின் தரையில் வைத்து அழுத்தினார்.

அதே தேதி.

பழுதோ என்று இன்னொரு மூலையில் வைத்தார். அங்கே ஒன்றும் இல்லை. நடுவில் வைத்தால் மறுபடி அதே தேதி. அதற்கடுத்த வீட்டுக்குப் போனார். அங்கும் அப்படியே. நான்காம் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனவர் கழற்றாமல் நின்றுவிட்டார்.

திரும்பி வந்தபோது ஜெபமாலை அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளுரு எங்க வீட்டுல மட்டுமா வந்துச்சு," என்றாள். "என் வீடு முதல் வீடு. அந்த ஆள் மொதல்ல இங்க வந்தான். நான்தான்னு சொன்னேன். போயிட்டான்."

நிலோஃபர் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தாள். இது அவளுக்கும் புதிய செய்தி. "நாளைக்குப் பதினோரு வீட்டையும் அளக்கப்போறாங்க அக்கா," என்றாள்.

சேதி பரவி, வேலைக்குப் போகாதவர்கள் எல்லாரும் வாசலில் கூடிவிட்டார்கள். அருளப்பன் என்பவர் முன்னால் வந்தார். லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். "டாக்டரம்மா, நாளைக்கு அதைக் கொஞ்சம் மாத்திக் காட்டுற மாதிரி பண்ண முடியாதா? நீங்க செஞ்சதுதானே?"

"மாட்டேன். நாளைக்கு இந்தக் கருவி என்ன காட்டுதோ அதைத்தான் வாசிப்பேன்."

"அப்ப எங்களைத் தெருவுல நிறுத்தத்தான் வந்தீங்களா?"

ரீட்டா குறுக்கே வந்து கேட்டாள். "அதுக்கு எப்படிங்க தெரியுது? சாம்பலைக்கூட நாங்க கழுவிட்டோமே."

"சாம்பலைப் பாக்கிறதில்ல. தரையில மணல் இருக்குல்ல, ஒவ்வொரு பொடி மணலும் ஒரு சின்ன பேட்டரி மாதிரி. மண்ணுக்குள்ள இருந்து வர்ற கதிர் அதைக் கொஞ்சங் கொஞ்சமா நிரப்பிக்கிட்டே இருக்கும். தீ பட்டா மொத்தமும் காலியாயிடும். அப்புறம் முதல்லேருந்து நிரம்பும். எவ்வளவு நிரம்பியிருக்குன்னு பாத்தா, காலியாகி எத்தனை நாள் ஆச்சுன்னு தெரிஞ்சிடும்."

"மறுபடி தீ பட்டா?"

அங்கயற்கண்ணி அவளைப் பார்த்தார். எதற்காகக் கேட்கிறாள் என்று புரிந்தது. சொல்லாமல் இருந்திருக்கலாம். நாளை நீதிமன்றத்தின் ஆளாக வரப்போகிறவர் அவர்.

"மறுபடி காலியாயிடும்," என்றார்.

"அப்ப பழைய தேதி?"

"இருக்காது. என் குகையிலயும் அதே கதைதான். நான் சொல்ற வயசு அங்க எரிஞ்ச கடைசித் தீயோட வயசு. அதுக்கு முன்னாடி எத்தனை தீ எரிஞ்சதோ, முதல் தீ எப்பவோ, எனக்குத் தெரியாது."



"அப்படின்னா இன்னிக்கே கதவைச் சாத்திட்டு மூட்டி அணைச்சிடலாம்," என்றார் அருளப்பன்.

"நாளைக்கு அளந்தா, நேத்து மூட்டினதுன்னு காட்டும்," என்றார் அங்கயற்கண்ணி. "எப்ப மூட்டினாலும் அது தெரியும்."

"கதவைச் சாத்தி மூட்டினதுனாலதான் இவ்வளவும் வந்துச்சு," என்றாள் ஜெபமாலை. குரல் ஏறவில்லை. "திருட்டுத்தனம் பண்ணின மாதிரி ஆயிடுச்சு. நாளைக்கு அவங்க வரும்போது மூட்டுவோம். கதவைத் தொறந்து போட்டு மூட்டுவோம். என்ன பண்ணிடுவாங்க? பிடிக்கட்டும். குளுருக்கு மூட்டினோம்னு முகத்துக்கு நேரா சொல்லிக்கலாம்."

"உள்ள போனா எம் புள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?" அருளப்பன் கோபமாகத் தன் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வேறு சிலரும் கலைந்து போனார்கள். அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை.

"ஜெபமாலை," என்றார் அங்கயற்கண்ணி. "உங்க தரைமேல நாளைக்கு நான் மூட்டுறேன். அந்தப் பேட்டரி வித்தையைச் சொல்லிக் குடுங்க."

"நீங்க எதுக்குங்க?"

"பதினஞ்சு வருஷமா தீயப் பத்திப் பேசுறேன். ஒரு தடவைகூட மூட்டினதில்ல."

மறுநாள் வானம் தாழ்ந்து, தூறலும் காற்றுமாக இருந்தது. துறையின் ஜீப் கீழ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோது ஜெபமாலையின் வீட்டுக்குள் அங்கயற்கண்ணி மூன்றாம் முறையாகத் தாளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். விரல் சுட்டது. நான்காம் முறை தாள் பற்றியது, காய்ந்த இலை பற்றியது, குச்சிகள் சடசடத்தன. அவர் அப்படியே குந்திக்கொண்டு பார்த்தார். எத்தனையோ கருகிய கற்களைத் தொட்டவருக்குத் தீ இவ்வளவு சத்தம் போடும் என்று தெரிந்திருக்கவில்லை.

ரீட்டா வீட்டில் புகை எழுந்தது. அடுத்த வீட்டில். அதற்கடுத்த வீட்டில். நேற்று கலைந்து போனவர்கள் ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வைத்தார்கள். ஜீப் மேலேறி நிற்கும் நேரத்தில் அருளப்பன் இரும்புக் கரண்டியோடு ஓடி வந்தார்.

"கொஞ்சம் கங்கு குடுங்கக்கா," என்றார், யார் முகத்தையும் பார்க்காமல். ஜெபமாலை அள்ளிப் போட்டாள். கையால் மறைத்துக்கொண்டு தூறலில் ஓடினார்.

நீதிபதி மங்களேஸ்வரி ஓய்வு பெறுகிற வயதை நெருங்கியவர். கம்பளிக் கையுறை, காதை மூடிய சால்வை. இறங்கியவர் வரிசை முழுக்கப் பார்த்தார். பதினோரு வாசல், பதினோரு தீ. பின்னால் வரதராஜுலு இறங்கினார். அவரோடு வந்த இளம் காவலர்கள் இருவரும் தீயை நேரில் பார்த்திராதவர்கள். ஒருவன் ஓரடி பின்வாங்கினான்.

நீதிபதி முதல் வீட்டுக்குள் வந்தார். "அளந்து காட்டுங்கள்," என்றார்.

அங்கயற்கண்ணி எரிகிற குச்சிகளை ஓரமாகத் தள்ளி, தரையில் கருவியை வைத்து அழுத்தினார். "இன்று, அம்மா."

"புயல் நாளில் மூட்டிய தீ?"

"அதன் அடையாளம் இப்போது இல்லை."

"இப்படிச் செய்தால் அது அழியும் என்று இவர்களுக்கு யார் சொன்னது?"

"நான்தான் அம்மா."

"நீங்கள் நீதிமன்றத்தின் நிபுணர். சாட்சியத்தை அழித்திருக்கிறீர்கள்."

"ஆமாம். இந்த வீட்டில் இன்றைக்கு எரிகிற தீயை மூட்டியதும் நான்தான். கருவி எப்போது என்று சொல்லும். யார் என்று சொல்லாது. அதனால் நானே சொல்கிறேன்."

"பக்கத்து வீட்டுத் தீ என்னுது," என்றாள் வாசலில் நின்ற ரீட்டா. அவளுக்குப் பின்னாலிருந்து ஒவ்வொரு குரலாக வந்தது. கடைசியாக அருளப்பனின் குரல்.

"எல்லாரையும் கைது பண்ணணும் அம்மா," என்றார் வரதராஜுலு. "இது வெளிப்படையான சவால்."

நீதிபதி ஜெபமாலையிடம் திரும்பினார். "அன்றைக்கு என்ன நடந்ததென்று இந்த வழக்கில் யாரும் என்னிடம் சொல்லவில்லை. சட்டத்தில் காரணம் கேட்க இடமில்லை. இருந்தாலும் கேட்கிறேன்."

ஜெபமாலை சொன்னாள். நேற்று சொன்ன அதே வார்த்தைகள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. முடித்துவிட்டு, "மறுபடி அப்படி ஆனா மறுபடி மூட்டுவேங்க," என்றாள்.

வெளியே காற்று திரும்பி, தூறலை உள்ளே அடித்தது. நீதிபதி சால்வையை இழுத்துக்கொண்டு தீயை நோக்கி இரண்டடி வந்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றார் வரதராஜுலு. தயக்கத்தோடு சேர்த்தார். "சட்டப்படி மூட்டுறது மட்டும் இல்ல. தீயால பயன்பெறுறதும் குத்தம்தான்."

நீதிபதி அவரைப் பார்த்தார். பிறகு வலது கையுறையைக் கழற்றினார். இடதையும் கழற்றினார். முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, குளிரில் விறைத்த இரண்டு கைகளையும் தீக்கு மேல் நீட்டினார்.

"பெயர்களை எழுதும்போது என்னுடையதையும் எழுதிக்கொள்ளுங்கள்," என்றார். "இனி நான் இந்த வழக்கில் ஒரு சாட்சி. வேறு யாராவதுதான் விசாரிக்க வேண்டும்."

அந்த வழக்கை விசாரிக்க ஆள் கிடைக்கவே வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அடுத்த மழைக்காலம் வந்துவிட்டது. வேறு சரிவுகளில், வேறு லைன்களில், கதவைத் திறந்து போட்டுத் தீ மூட்டினார்கள். பிடிக்கப் பிடிக்க மூட்டினார்கள். குளிரிலும் மின்சாரம் இல்லாதபோதும் வீட்டுக்குள் மூட்டுவது குற்றமல்ல என்று சட்டத்தில் ஒரு வரி சேர்ந்தது. ஜெபமாலையும் மற்றவர்களும் வீடுகளிலேயே இருக்கிறார்கள். அங்கயற்கண்ணிக்கு மட்டும் சட்டம் இறங்கி வரவில்லை. சாட்சியத்தை அழித்ததற்குச் சிறைத் தண்டனை. நரிப்பாறைக் குகை வேறொருவர் பொறுப்புக்குப் போனது.

கோவைச் சிறையில் பார்வையாளர் அறைக் கம்பிக்கு அந்தப்புறம் நிலோஃபர் உட்கார்ந்திருந்தாள். ரீட்டாவின் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டதைச் சொன்னாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மேடம், துறையிலேருந்து ஆள் வந்தாங்க. எல்லாரும் தீமேல தீ மூட்டிப் பழைய தேதியை அழிச்சிடுறாங்களாம். கடைசித் தீக்கு அடியில இருக்கிற பழைய தீயையும் படிக்கிற மாதிரி ஒரு கருவி சாத்தியமான்னு கேட்கச் சொன்னாங்க. செஞ்சு குடுத்தா தண்டனையைக் குறைப்பாங்களாம். குகையையும் திருப்பிக் குடுத்துடுவாங்களாம்."

அங்கயற்கண்ணி சிரித்தார். "சாத்தியம்தான். இங்க வந்த பிறகுதான் எனக்கே வழி புலப்பட்டுச்சு. தீக்குத் தீ மணலோட பதில் கொஞ்சம் மாறுது. அந்த மாற்றத்தை எண்ணினா ஒண்ணு ஒண்ணா அடுக்கு அடுக்கா இறங்கிப் போகலாம். அடி வரைக்கும்."

"அடி வரைக்கும்னா, குகையில அந்தக் காலத்து ஆளுங்க மூட்டின முதல் தீ வரைக்குமா?"

"ஆமா."

"அது எப்பன்னு உங்களுக்குத் தெரிஞ்சுக்க வேண்டாமா மேடம்?"

"வேணும்." அவர் கம்பியைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தூக்கத்துலகூட அதுதான் வருது."

மணி அடித்தது. நிலோஃபர் எழுந்தாள். "அப்ப அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

"பொய் எதுக்கு? முடியும்னே சொல்லு," என்றார் அங்கயற்கண்ணி. "மாட்டேன்னு சொன்னேன்னும் சொல்லு."